நூற்றிருபது நாள் பால்

8 பிப்ரவரி 2009, ஞாயிறு, காலை 9.40

அன்புத் தங்கை சிட்டுவுக்கு, அண்ணன் வாழ்த்தி எழுதுவது.

என் உடல் வழக்கம்போல் எந்தக் குறையுமின்றி இயங்குகிறது. நீ நலமா என்று கேட்கும் முறையை இம்முறை விலக்கி வைக்கிறேன். நலமில்லை என்பதை மாப்பிள்ளையின் கடிதம் தெரிவித்துவிட்டது. அக்கடிதத்தில் தேதி இல்லை. "முந்தாநாள் இவளுக்கு இடுப்பு உடைஞ்சிடுச்சு" என்றிருக்கிறது. எந்த நாளுக்கு முந்தாநாள்? அஞ்சல் முத்திரை 31 ஜனவரி, சனி. ஆகவே நிகழ்ந்தது 29 ஜனவரி, வியாழன் என்று நானே கணித்துக்கொண்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர், ஒரு நாளும் நேரம் தவறியதில்லை என்று மார்தட்டுபவர், ஒரு தேதியைப் போட மறந்தது எப்படி என்று நான் கேட்டதாகச் சொல்.

நீ எங்கு, எப்படி விழுந்தாய், அறுவைச் சிகிச்சை எந்த நாளில் நடந்தது, எப்போது நடக்கலாம் என்கிறார்கள் என்பதை விரிவாக எழுது. தொலைபேசியில் அழைக்க வேண்டாம். என் இரு காதுகளும் இப்போது பேச்சை ஓசையாக மட்டுமே பெற்றுக்கொள்கின்றன.

நேரில் வந்து பார்க்கவே விரும்புகிறேன். ஆனால் நான் ஓய்வு பெற்று பதினோரு ஆண்டுகளான பின்னும், ரயில் கால அட்டவணையின் மெய்ப்பைப் பிழை திருத்த அச்சகத்தார் என்னிடமே தருகிறார்கள். ஜூலை 1 முதல் புதிய அட்டவணை. 4.15 என்பது 4.51 என்று அச்சாகிவிட்டால் ஓர் ஊரே நடைமேடையில் நின்று என்னைச் சபிக்கும். மே 22க்குள் முடித்தாக வேண்டும். அதன் பின் பார்க்கலாம்.

மருந்தை நேரம் தவறாமல் உட்கொள்.

உன் நலம் நாடும்
அண்ணன்

•

19.2.2009

அன்புள்ள அண்ணாவுக்கு, சிட்டு எழுதிக்கொண்டது. தேதி போட்டுட்டேன், பாத்துக்குங்க. கிழமை வியாழன், அதையும் சொல்லிட்டேன். உங்க மாப்பிள்ளை சொல்றார், "பஸ்ஸுக்குத்தான் டைம் உண்டு, பொண்டாட்டி இடுப்புக்கு டைம் எழுதற வழக்கம் எங்க டிப்போவுல இல்லை"ன்னு.

உங்க உடம்பு நல்லா இருக்குன்னு படிச்சதுல சந்தோஷம். என் கதையைக் கேளுங்க. நான் விழவே இல்லைண்ணா. கண்ணாடிக் கடையில ஸ்டூல்ல உக்காந்து ஒரு லென்ஸைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் வந்தார், எழுந்தேன். சுள்ளி ஒடியற மாதிரி ஒரு சத்தம். அவர் தன்னோட கண்ணாடிதான் உடைஞ்சுதுன்னு நினைச்சு என்னைத் திட்ட ஆரம்பிச்சார். அவர் திட்டி முடிக்கறதுக்குள்ள நான் தரையில கிடந்தேன். விழுந்து உடையலை, உடைஞ்சதால விழுந்தேன்.

பிளேட் வச்சுத் தைச்சிருக்காங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் போறேன். போன வருஷம் மணிக்கட்டு, அதுக்கு முந்தின வருஷம் விலா, இப்ப இது. அதனால எலும்பு டாக்டர் அடர்த்தி பாக்கற ஸ்கேன் எடுத்தார். எனக்கு அம்பத்தேழு, என் எலும்புக்கு எண்பத்தஞ்சாம். "அப்போ இனிமே உன்னை வாங்க போங்கன்னு மரியாதையா கூப்பிடணுமா"ங்கிறார் உங்க மாப்பிள்ளை.

இந்த வயசுக்கு இவ்வளவு தேய்மானம்னா ஏதாவது காரணம் இருக்கணும், அது தெரியாம எலும்பைக் கெட்டியாக்கற பெரிய மாத்திரையை ஆரம்பிக்க மாட்டேன்னு டாக்டர் சொல்றார். எலும்புக்கு அஸ்திவாரம் போடறது பொறந்த அப்புறம் இல்லையாம், வயித்துக்குள்ளேயே தொடங்கிடுமாம். கடைசி மூணு மாசம் ரொம்ப முக்கியமாம். அம்மாவுக்கு அப்ப ஊட்டம் இல்லைன்னா, அந்தக் குறை பிள்ளைக்கு வயசான அப்புறம் வந்து நிக்கலாமாம். "உங்க அம்மா மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டார். "டாக்டர், நான் அப்ப உள்ளே இருந்தேன், எட்டிப் பாக்கலை"ன்னேன்.

ஆனா நீங்க வெளியே இருந்தீங்க, பதினோரு வயசு. நம்ம குடும்பத்துல எதைக் கேட்டாலும் தேதியோட சொல்ற ஒரே ஆள் நீங்கதான். அம்மா என்ன சாப்பிட்டா, நான் எத்தனை எடை, எல்லாம் எழுதுங்க. டாக்டர் காத்துக்கிட்டு இருக்கார்.

உங்க வரவை எதிர்பார்க்கும் தங்கை
சிட்டு

•

27 பிப்ரவரி 2009, வெள்ளி, மாலை 5.10

அன்புத் தங்கைக்கு, உன் கடிதம் 24ஆம் தேதி கிடைத்தது. நீ வாக்கரைப் பிடித்தேனும் நடக்கிறாய் என்பதில் ஆறுதல். இங்கு யாவும் சீர்.

வைத்தியர் கேட்ட விவரங்கள். நீ பிறந்தது 19 ஆகஸ்ட் 1951, ஞாயிறு, காலை 10.20. மருத்துவச்சி உன்னை ஒரே உள்ளங்கையில் ஏந்தி, "இது பிள்ளையா சிட்டுக்குருவியா" என்றாள். அதுவே உனக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அப்பா வேலை செய்த நூற்பாலை மூடப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டு, 17 நவம்பர், வெள்ளிக்கிழமை. அன்று ஆலையின் மூன்றாவது சங்கு ஊதவில்லை, அதிலிருந்து தெரிந்துகொண்டோம். அம்மா 4 டிசம்பர், திங்கள் முதல் சாக்கு தைக்கும் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. அவ்வாண்டு மழை பெய்யவில்லை. எங்கள் தெருக்குழாயில் ஒன்றுவிட்ட நாள்களில் மட்டும் தண்ணீர் வந்தது.

உணவைப் பொறுத்தவரை, கிடைத்ததை உண்டோம் என்பதற்கு மேல் என் நினைவில் எதுவும் பதிவாகவில்லை. உன் பிறப்பு எடையும் எனக்குத் தெரியாது.

காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் சிகிச்சையைத் தொடங்கும்படி வைத்தியரை வற்புறுத்தலாம்.

அன்புடன்
அண்ணன்

•

15.3.2009, ஞாயிறு

அன்புள்ள அண்ணா, நீங்க சுகமா இருக்கீங்கன்னு நம்பறேன். நான் இன்னைக்குச் சந்தோஷமா இருக்கேன்.

உங்களுக்கே ஞாபகம் இல்லைன்னா யாருக்கு இருக்கும்னு, அம்மாவோட பழைய கைப்பையை இவரை விட்டு அலமாரி மேல இருந்து எடுக்கச் சொன்னேன். உள்ளே என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு மஞ்சள் அட்டை. "கர்ப்பிணிகள் பால் நிலையம்"னு மேல அச்சடிச்சிருக்கு. பஞ்சத்துக்காகத் திறந்தது போல. கட்டம் கட்டமா தேதி. 2 ஏப்ரல் 1951ல தொடங்கி 18 ஆகஸ்ட் வரைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. ஒவ்வொரு கட்டத்துலயும் "ஒரு குவளை பால் பெற்றுக்கொண்டேன்", பக்கத்துல அம்மா பேர்ல கையெழுத்து. எண்ணிப் பாத்தேன், நூத்தி இருபது. ஒண்ணுகூட விடலை. கடைசிக் கையெழுத்து நான் பொறக்கறதுக்கு முந்தின நாள். சாக்கு தைச்ச கைக்கு எவ்வளவு அழகான எழுத்து.

அண்ணா, இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். அம்மாவுக்கு நீங்கன்னா உசிரு. என்னைப் பாக்கறப்போ "சரி, இதுவும் இருக்கட்டும்"னு ஒரு பார்வை இருக்கும். அம்பது வருஷமா அந்தப் பார்வையை நான் மறக்கலை. பஞ்சத்துல வேண்டாம வந்த பிள்ளைன்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். இப்போ பாருங்க. வயித்தைத் தள்ளிக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு, நூத்தி இருபது நாள் எனக்காகப் பால் குடிச்சிருக்கா. அந்த அட்டையைத் தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன். உங்க மாப்பிள்ளை "காதல் கடிதம் மாதிரி வச்சிருக்கியே"ன்னு கேலி பண்றார்.

அட்டைக்குப் பின்னால அந்த நிலையத்து நர்ஸ் நான் பொறந்த எடையை எழுதியிருக்காங்க. நாலு பவுண்டு ஒன்பது அவுன்ஸ், ரெண்டு கிலோ சொச்சம். டாக்டர் அதைப் பாத்ததும் யோசிச்சார். "அம்மா தினமும் பால் குடிச்சும் பிள்ளை இவ்வளவு சின்னதுன்னா, குறை சாப்பாட்டுல இல்லை, உடம்புலதான்"னார். கூடப்பொறந்தவங்க எப்படின்னு கேட்டார். "ஒரே அண்ணன், அறுபத்தொன்பது வயசு, கேஸ் சிலிண்டரை ரெண்டாவது மாடிக்குத் தானே தூக்கறார். போன வருஷம் மாடிப்படியில பதினோரு படி உருண்டு, எழுந்து வாட்ச் ஓடுதான்னு பாத்தார்"னேன். சிரிச்சார். அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டு, "அப்போ உங்களுக்கு மட்டும் வேற ஏதோ இருக்கு, தேடணும்"னார். ரத்தம், குடல், எல்லாம் ஒவ்வொண்ணா பாக்கப் போறாங்க. அது முடியற வரைக்கும் மாத்திரை இல்லை.

ஒரு தடவை வந்துட்டுப் போங்கண்ணா.

சிட்டு

•

21 ஏப்ரல் 2009, செவ்வாய், காலை 8.15

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்புகள்.

உன் கடிதம் 19 மார்ச் அன்றே கிடைத்தது. முப்பத்து மூன்று நாள் பதில் எழுதாமலிருந்தது என் வழக்கத்துக்கு மாறானது; மன்னிக்க வேண்டும். மெய்ப்புப் பணி மிகுந்திருந்தது. கிளைப்பாதை வண்டிகளின் பக்கத்தில் மட்டும் நாற்பத்தாறு பிழைகள்.

அந்த அட்டையை வைத்தியர் வாங்கி வைத்துக்கொண்டாரா, அல்லது பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாரா? பழைய ஆவணம் ஒன்றைத் தனிச்சான்றாகக் கொள்வது முறையன்று என்பது என் தொழில் அனுபவம். வண்டி வரும் என்று அட்டவணையில் அச்சாகியிருப்பதாலேயே வண்டி வந்துவிடுவதில்லை. அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, எடைக் குறைவை மட்டும் கணக்கில் கொள்ளும்படி அவரிடம் சொல்லிப் பார். பரிசோதனைகளைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

அம்மா உன்னை வேண்டாத பிள்ளையாக எண்ணினாள் என்பது சரியன்று. அவள் பார்வை எல்லோரிடமும் அப்படித்தான் இருந்தது.

வெயில் படும்படி காலையில் அரைமணி நேரம் உட்கார். வருவது பற்றி மே 22க்குப் பின் எழுதுகிறேன்.

அண்ணன்

•

புதன்கிழமை

மச்சானுக்கு, டிரைவர் எழுதறது. நீங்க சுகமா இருப்பீங்க, எனக்குத் தெரியும். நாங்க சுகம்னு எழுதினா அது பொய்.

தேதி கேப்பீங்க. மே மாசம் 6. போதுமா?

அவளுக்குத் தெரியாம எழுதறேன். ரத்தம் பாத்தாங்க, ஒண்ணும் இல்லை. குழாய் விட்டுக் குடலைப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷப்படணும்னுதான் நான் நினைச்சேன். டாக்டர் முகத்துல அப்படித் தெரியலை. கடைசியா எலும்பு மஜ்ஜையில புத்துநோய் இருக்கான்னு பாத்துடணுமாம். இடுப்பு எலும்புக்குள்ள ஊசி விட்டு எடுப்பாங்களாம். 21ந் தேதி வியாழக்கிழமை.

பகல்ல யார் வந்தாலும் சிரிச்சுப் பேசறா. நான் அந்தப் பக்கம் திரும்பினா சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறா. லென்ஸ் தேய்க்கற சாமானை எல்லாம் துடைச்சு டப்பாவுல போட்டு, கடையில வேலை செய்யற பொண்ணு பேரை மேல எழுதி வச்சுட்டா. என் துணி எந்த அலமாரியில எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்குச் சொல்லித் தர்றா. நாப்பது வருஷமா தெரியாத விஷயத்தை எனக்கு எதுக்கு மச்சான் இப்போ சொல்லித் தரணும்?

உங்க கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கறா. "அண்ணன் ஏதோ சொல்ல வர்றார், தொண்டையில நிக்குது"ங்கிறா. நான் டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன். "அந்தக் காலத்துல உண்மையிலேயே சாப்பாடு இல்லைன்னு யாராவது பாத்தவங்க சொன்னா, ஊசியைத் தள்ளி வச்சுட்டு மாத்திரையைத் தொடங்கிப் பாக்கலாம். ஆனா அட்டை அப்படிச் சொல்லலையே"ன்னார். பாத்தவர் நீங்க ஒருத்தர்தான் உயிரோட இருக்கீங்க. போன் போட்டா "யாரு யாரு"ன்னு அஞ்சு தடவை கேட்டுட்டு வச்சிடறீங்க. அதனால எழுதறேன். எது தெரிஞ்சாலும் 21க்கு முன்னாடி வந்து சேர்ற மாதிரி எழுதிப் போடுங்க. தெரியலைன்னாலும் தெரியலைன்னு எழுதுங்க.

இப்படிக்கு
உங்க தங்கச்சி புருஷன்

•

23 மே 2009, சனி

சிட்டு,

மாப்பிள்ளையின் கடிதம் எனக்குக் கிடைத்தது 9 மே. இங்கிருந்து உன் ஊருக்குக் கடிதம் போய்ச் சேர மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். 12ஆம் தேதி ஒன்று, 15ஆம் தேதி ஒன்று, 16ஆம் தேதி ஒன்று என மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. மெய்ப்பைக் கொடுத்து முடித்தது நேற்று. உனக்கு ஊசி போட்டது அதற்கு முன்தினம். இது காலம் கடந்த கடிதம் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

அட்டையில் உள்ள கையெழுத்து அம்மாவுடையதன்று. என்னுடையது. நூற்றிருபதும்.

பால் நிலையம் மாலை ஆறு மணிக்கு மூடப்படும். அம்மாவுக்கு வேலை முடிவது ஏழு மணிக்கு. தாய்மார்கள் அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. நான் நர்ஸிடம் போய் அழுததால், எங்களுக்கு மட்டும் தூக்குப்போணியில் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. அம்மாவின் பெயரை நானே எழுதலாம் என்றும் சொன்னார். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆகவே ஒரு கட்டத்தையும் விடாமல் எழுதினேன்.

முதல் வாரம், 2 ஏப்ரல் முதல் 7 ஏப்ரல் வரை, ஆறு நாள் அம்மா குடித்தாள். 9ஆம் தேதி, திங்கள், போணியை என் பக்கம் நகர்த்தி, "நீ குடிடா, எனக்கு இந்த வாடையே குமட்டுது" என்றாள். அப்பா தின்னக் கிடைக்காத கோபத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் குடித்தேன். அவளுக்குக் குமட்டுகிறது என்று நம்பினேன். அந்த வகையில் முப்பது நாள்.

12 மே, சனிக்கிழமை மாலை, நான் குடித்து வைத்த போணியைக் கழுவ எடுத்துப் போனாள். குழாயடிக்கு நானும் பின்னால் போனேன். அவளுக்கு அது தெரியாது. போணியின் அடியைச் சுட்டுவிரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள். மறுபடி வழித்தாள். ஒன்றும் இல்லாத பின்னும் ஒரு முறை வழித்தாள்.

குமட்டவில்லை என்பது அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த திங்கள்கிழமை நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் செய்தது, நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மரக்கடையின் பின்புறம் நின்று முழுவதையும் குடித்தது. வீட்டுக்கு வந்தால் அவள் மனம் மாறிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். போணியைக் குழாயில் கழுவிக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தேன். அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கவிழ்ந்திருந்த போணியை ஒரு முறை பார்ப்பாள், அவ்வளவே. 14 மே முதல் 18 ஆகஸ்ட் வரை எண்பத்து நான்கு நாள். உன் வைத்தியர் சொன்ன அந்தக் கடைசி மூன்று மாதம்.

அவ்வாண்டு நான் இரண்டே முக்கால் அங்குலம் வளர்ந்ததாகப் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர் எழுதினார். அம்மா ஐம்பது வயதுக்குள் கூனிப்போனதும் உனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் நீ கேட்டபோது எனக்கு எல்லாம் நினைவிருந்தது. நினைவில்லை என்று எழுதினேன். மார்ச்சில் நீ அட்டையைக் கண்டு மகிழ்ந்து எழுதியதும், அம்மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்று எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அது நல்ல காரணமாகத் தோன்றியதால் அதையே பிடித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கூச்சம். அறுபத்தொன்பது வயதில், போணியை வைத்துக்கொண்டு மரக்கடைக்குப் பின்னால் நிற்பதை உனக்குக் காட்டக் கூச்சம்.

இக்கடிதத்தை வைத்தியரிடம் காட்டு. ஊசியின் முடிவு என்னவாயிற்று என்று உடனே எழுது.

அண்ணன்

•

15 ஜூன் 2009, திங்கள்

அன்புத் தங்கைக்கு,

23 மே அன்று நான் எழுதியது பதிவுத் தபால். 26ஆம் தேதி பெற்றுக்கொண்டதற்கு மாப்பிள்ளையின் கையொப்பம் வந்திருக்கிறது. இன்றோடு இருபது நாள். நீ என்னை வைது எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம், அது உன் உரிமை. ஊசியின் முடிவை மட்டும் மாப்பிள்ளையைக் கொண்டு ஒரே சொல்லில் தெரிவித்தால் போதும். தேதி போடாவிட்டாலும் பரவாயில்லை.

தபால்காரர் இப்போது என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

அண்ணன்

•

4.7.2009

அண்ணாவுக்கு,

படுத்துக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணலா இருக்கும். ஊசி முடிவு ஜூன் 8ந் தேதி வந்துச்சு. புத்துநோய் இல்லை. அன்னைக்கே உங்களுக்குச் சொல்லலாம்னு இவர் சொன்னார். வேண்டாம்னுட்டேன். நான் பதினெட்டு நாள் காத்துக்கிட்டு இருந்தேன், நீங்களும் கொஞ்சம் இருங்கன்னு விட்டேன். நல்ல எண்ணம் இல்லை, தெரியும்.

உங்க கடிதத்தை டாக்டர்கிட்ட குடுத்தேன். முழுசா படிச்சார். ஃபைல்ல ஒரே ஒரு வரி எழுதினார், "கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஊட்டக் குறைவு"ன்னு. பக்கத்தைத் திருப்பிட்டார். "அப்போ இதனாலதானா டாக்டர்?"னு கேட்டேன். "இருக்கலாம். இது மட்டும்தான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தப் பாலைக் குடிச்சிருந்தா உடைஞ்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது"ன்னார். மார்ச்சிலேயே தெரிஞ்சிருந்தா மாத்திரையை அப்பவே தொடங்கியிருப்பேன்னார். அது மட்டும் நிச்சயமாச் சொன்னார்.

மாத்திரை தொடங்கினது ஜூன் 9. ஜூன் 11ந் தேதி தும்மினேன். முதுகுல ஒரு எலும்பு அமுங்கிடுச்சு. பெரிசா ஒண்ணும் இல்லை, ஒரே ஒரு தும்மல். மூணு மாசம் முன்னாடியே மாத்திரை சாப்பிட்டிருந்தா தாங்கியிருக்குமான்னு கேட்டேன். அதையும் சொல்ல முடியாதுன்னார். அந்த மனுஷன் எதைத்தான் சொல்லுவார்னு தெரியலை.

இப்போ உங்களுக்கு. அம்மா உங்களுக்குக் குடுத்தா. சரி. முன்னால இருக்கற பிள்ளை பசின்னு நிக்குது, வயித்துல இருக்கறது கேக்கவா போகுது? நான் அவ இடத்துல இருந்திருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேனோ என்னவோ. நீங்க மரக்கடைக்குப் பின்னால போய்க் குடிச்சீங்க. அதுவும் சரி, பதினோரு வயசுப் பசிக்கு எனக்குக் கோபம் வரலை. வரவழைச்சுப் பாத்தேன், வரலை.

ஆனா மே 21ந் தேதி, குப்புறப் படுக்க வச்சு, ரெண்டு பேர் என்னை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இடுப்புல அந்த ஊசியைத் திருகினாங்க. மரத்துப்போக மருந்து போட்டும் உள்ளே இழுக்கறது தெரிஞ்சுது. நான் செத்துடுவேன்னு நினைச்சேன். செத்தா இவருக்கு யார் சோறு போடுவான்னு நினைச்சேன். அந்த நேரத்துல உங்க மேசை மேல மூணு கடிதம் இருந்திருக்கு. தேதி போட்டு. கிழமை போட்டு. அதுக்குத்தான் அண்ணா என்னால தாங்க முடியலை. அந்தப் பையனை எப்பவோ விட்டுட்டேன். இந்தக் கிழவரைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை.

இன்னொண்ணு. அம்மா எனக்காக நூத்தி இருபது நாள் குடிச்சான்னு ரெண்டு மாசம் நம்பினேன் இல்லையா, அந்த ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. ஆறு நாள்னு தெரிஞ்சுது. ஆறு நாளும் நாள்தான்னு இவர் சொல்றார். பேசாம இருங்கன்னேன்.

காரியத்துக்கு வரேன். என்னால எழுந்திருக்க முடியாது. ஒருத்தர் தூக்கி நாற்காலியில வைக்கணும், திரும்பப் படுக்க வைக்கணும். ஒரு அம்மா காலையில ஒன்பதுக்கு வந்து பத்துக்குப் போயிடறாங்க. இவருக்கு முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டின முதுகு. போன வாரம் என்னைத் தூக்கப் போய் ரெண்டு பேரும் கட்டில் ஓரத்துல அப்படியே மாட்டிக்கிட்டோம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்துதான் பிரிச்சாங்க. மீதி நேரம் எல்லாம் கூரையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உங்க அட்டவணை ஜூலை 1ந் தேதி வந்திருக்கும். இனிமே சாக்கு இல்லை. சிலிண்டர் தூக்கற உடம்பு உங்களுது. அது எப்படி வந்துச்சுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். வந்து தூக்குங்க. நான் உங்ககிட்ட பேச மாட்டேன். எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது. பேசாதவளைத் தூக்க முடியும்னா வாங்க.

சிட்டு

•

10 ஜூலை 2009, வெள்ளி, காலை 6.30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று மாலை 4.20க்குக் கிடைத்தது. 5.15க்கு ரயில் நிலையம் சென்று பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். 16 ஜூலை, வியாழன், காலை 6.10 வண்டி. மறுநாள் பிற்பகல் 2.35க்கு உன் ஊர். திரும்பும் சீட்டு எடுக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டாரிடம் ஒப்படைக்கிறேன். அச்சகத்தாரிடம் இனி மெய்ப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

நீ பேச வேண்டாம். எனக்குக் காதும் கேளாது. அந்த வகையில் உனக்குச் சிரமமில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அறுபத்தொன்பது ஆண்டுகளில் நான் ஒரு மனித உடலைத் தூக்கியதில்லை. உன் அண்ணி படுக்கையில் கிடந்த காலத்திலும் செவிலியர் இருந்தனர். நான் கதவருகே நின்றேன். சிலிண்டரை எங்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம். நேற்றிரவு உணவுக்கு முன் ஒரு தலையணையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிப் பழகினேன். ஏழு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் என் விரல் பதிந்த இடம் குழிந்து கிடந்தது. எனக்கு மென்மையாகப் பிடிக்கத் தெரியவில்லை. என் கைக்கு அளவு தெரியவில்லை.

காலையில் வரும் அம்மையார் உன்னை எப்படித் தூக்குகிறார் என்று மாப்பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல். முதலில் தோளையா, முழங்காலையா? அக்குளில் கை கொடுக்கலாமா? விலா உடைந்தது இடப்பக்கமா, வலப்பக்கமா? முதுகில் அமுங்கிய எலும்பு எந்த உயரத்தில் இருக்கிறது? எங்கே தொடக் கூடாது என்று எழுதினால் அது நீண்ட பட்டியலாகிவிடும் என்று அஞ்சுகிறேன். ஆகவே எங்கே பிடிக்கலாம் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

பதில் 15ஆம் தேதிக்குள் இங்கு வந்து சேராது என்பதை அறிவேன்; எழுதி வைத்தால் வந்ததும் படித்துக்கொள்கிறேன். வந்து கட்டிலருகே நிற்பேன். நீ கையைக் காட்டும் வரை உன்னைத் தொட மாட்டேன்.

அண்ணன்